கறுப்பு முழுக்கைச் சட்டை

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. இஸ்திரிக் கடை என்று தனியாக ஒன்றில்லை, வீட்டின் முன்னறைதான் கடை. தெருப்பக்கம் மடக்குக் கதவு, அதையொட்டி நீள மேசை, மேசைமேல் நாலாக மடித்த பழைய கம்பளி, அதன்மேல் பழுப்புக் கருகல்கள் விழுந்த வெள்ளைத் துணி. சுவரோரக் கம்பியில் அக்கம்பக்கத்து வீடுகளின் ஈரமெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிச் சூட்டிலேயே ஈரத்தை இழுத்தெடுக்க வேண்டியிருந்ததால் ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை நேரம் பிடித்தது. அறை முழுக்க ஆவி.

இஸ்திரிக்காரி கறுப்புச் சட்டைகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். கறுப்பு பொல்லாதது. சூடு கொஞ்சம் தூக்கினாலும் பளபளவென்று வழுக்கை விழுந்துவிடும். உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டு, மேலே ஒரு ஈரத்துணி விரித்து, அவசரப்படாமல் தேய்க்க வேண்டும். முதுகில் ரப்பர் எழுத்தில் 'கன்மலை' என்று பதித்திருந்தது. பெட்டி நேராகப் பட்டால் எழுத்து உருகிக்கொண்டு பெட்டியோடு வந்துவிடும்.

கன்மலை என்றால் பாறை; அவள் வீட்டு ஆண்களின் பாட்டுக் குழுவுக்கு அதுதான் பேர். ஆண்டவரைப் பாடுகிற ராக் குழு. பாடுகிறவர் அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன். பகலில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்; பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். டிரம்ஸ் வாசிப்பது அவள் புருஷன். டயர்க் கடையில் வேலை. நாள் முழுக்கச் சுத்தியலால் ரிம்மை அடித்துவிட்டு, சாயங்காலம் குச்சியால் தோலை அடிப்பான். பாஸ் கிட்டார் நெட்டை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். போன வருஷத்திலிருந்து அவளுடைய மகளும், ஒன்பதாம் வகுப்பு, பின்பாட்டுக்கு நிற்கிறாள்.

ஆண்டவரைத் துதிக்க இத்தனை இரைச்சல் எதற்கு என்று சபைப் பெரியவர்கள் முகம் சுளித்ததெல்லாம் பழைய கதை. இப்போது மண்டபம் நிறைகிறது. அதனால்தான் ஒரு பத்திரிகையிலிருந்து அந்த அம்மா வந்திருந்தார். குழுவைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதப்போகிறாராம். நரைத்த தலை, தோளில் துணிப்பை, சின்ன ரெக்கார்டர்.

முதல் நாளே அந்த அம்மா, மூத்தார் வீட்டுக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "நான் விசுவாசியும் இல்ல, எதிரியும் இல்ல. உள்ளதை உள்ளபடி எழுதறவ. யாரைப் பத்தி எழுதறேனோ அவங்களைக் கேக்காம ஒரு வரி எழுத மாட்டேன். பின்னாடி 'நான் அப்படிச் சொல்லல'ன்னு யாரும் வருத்தப்படக் கூடாது பாருங்க."

"அதுதான் மேடம் எங்களுக்கும் வேணும்," என்றார் மூத்தார். "உண்மைக்கு நாங்க என்னைக்கும் பயந்ததில்ல."

"மேடம், எனக்கு முடி இருக்குன்னு மட்டும் எழுதிடுங்க," என்றான் நெட்டை. "பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க."

"இருக்கறதைத்தானே எழுத முடியும்?"

"அப்ப தொப்பியோட வரேன். 'தொப்பிக்குக் கீழே என்ன இருந்ததுன்னு தெரியல'ன்னு எழுதிக்கோங்க. அதுவும் உண்மைதானே?"

கொட்டகையே சிரித்தது. தேநீர்த் தட்டோடு நின்றிருந்த இஸ்திரிக்காரியும் சிரித்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கச்சேரி. இஸ்திரிக்காரி வழக்கம்போல மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். பத்திரிகைக்காரம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலி. மழையில் நனைந்த செருப்புகளின் வாடையும், சூடேறிய ஸ்பீக்கரின் வாடையும் கலந்து அடித்தது.

கன்மலையின் பாட்டுகளில் எல்லாருக்கும் மனப்பாடமானது ஒன்று உண்டு. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த சீடன், "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மூன்று தரம் மறுதலித்ததைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு 'தெரியாது'க்கும் அவள் புருஷன் பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி கொடுப்பான். மூன்றாவது அடியோடு கிட்டார், குரல் எல்லாம் நின்றுவிடும். கூட்டம் மூச்சு விடாது. அந்த அமைதிக்குள்ளிருந்துதான் மூத்தார் சாட்சி சொல்ல ஆரம்பிப்பார்.

"நானும் மறுதலிச்சவன்தான்," என்று தணிந்த குரலில் தொடங்குவார். "குடிகாரன். என் பிள்ளைக்கு மருந்து வாங்கக் கொடுத்த காசைக் கொண்டுபோய்க் குடிச்சவன். மழையில அந்தப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு என் மனைவி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனா. ஒருநாள், காசு இல்லன்னு சொன்னதுக்காக, கொதிக்கற இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அவ கையிலேயே வச்சேன். அந்தத் தழும்போடதான் அவ எனக்காக ஜெபம் பண்ணினா."

அப்போது பின்பாட்டு வரிசையிலிருந்து அவர் மனைவி ஓரடி முன்னால் வருவாள். கறுப்பு முழுக்கைச் சட்டை. கண்ணை மூடி, வலது முன்கையை இடது கையால் பொத்திக்கொள்வாள். மண்டபம் அழும்.

சாட்சி முடியும்வரை டிரம்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் மெல்ல மெல்ல, மழை தகரத்தில் விழுகிற மாதிரி. தலையைக் குனிந்து அதை வாசிப்பவனுடைய கதை அது. மருந்துக் காசைக் குடித்தவன் அவன். பெட்டியைப் பிடுங்கியவன் அவன். தழும்பு மூன்றாவது வரிசையில் இருந்தது, இஸ்திரிக்காரியின் இடது முன்கையில்.

இது திட்டம் போட்டு நடந்ததல்ல. குடியை விட்ட வருஷத்தில், ஒரு சின்னக் கூட்டத்தில் சாட்சி சொல்ல அவன் எழுந்து நின்றான். வாய் வரவில்லை. மூத்தார் எழுந்து மைக்கை வாங்கி, "எங்க வீட்டுல ஒருத்தன்" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தார். அடுத்த கூட்டத்தில் அந்த ஒருத்தன் 'நான்' ஆனான். "உன் பாரத்தை நான் சுமக்கறேன்டா. டயர்க் கடையில தெரிஞ்சா உன்னை வச்சுக்குவாங்களா? நாளைக்கு உன் பொண்ணு பெரியவளானா என்ன நினைப்பா?" என்றார். அன்றைக்கு இஸ்திரிக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பியின் அவமானத்தைத் தன்மேல் போட்டுக்கொள்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? பாரத்தோடு சேர்த்து அவள் நடந்த மழையும், அவள் பண்ணின ஜெபமும் அந்த வீட்டுக்குப் போய்விட்டது அவளுக்கு உறைக்கச் சில வருஷங்கள் ஆயின. உறைத்தபோது மண்டபம் பெரிதாகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை பத்திரிகைக்காரம்மா இஸ்திரிக் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்கு இருக்கேன்."

"பாருங்க மேடம். இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"கறுப்பை ஏன் திருப்பிப் போடறீங்க?"

"மேல் பக்கம் தேய்ச்சா மினுக்கிடும். மினுக்கிட்டா போச்சு, திரும்ப வராது. வெள்ளைன்னா மன்னிக்கும், மேடம். கறுப்பு மன்னிக்காது."

"இது ரொம்பச் சின்ன சட்டையா இருக்கே?"

"பொண்ணோடது. இது எங்க அக்காவோடது, மூத்தார் சம்சாரம். இதுதான் பெரிய வேலை. முழுக்கை பாருங்க, கை ரெண்டும் தனித்தனியா மடிப்பு விழணும்."

"அந்தப் புழுக்கத்துல எல்லாரும் அரைக்கை போட்டிருந்தாங்க. அவங்க மட்டும் முழுக்கை."

இஸ்திரிக்காரி முழுக்கையை மேசைமேல் நீட்டிப் பரப்பினாள். சட்டைமேல் தண்ணீர் தெளித்தாள். தெளிப்பதற்காகத் தன் இடது சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே, பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த மாதிரி, தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பத்திரிகைக்காரம்மா அதைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவும் இல்லை.

"காலையில அவங்களைப் பாத்தேன்," என்றார். "பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க. கை ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கு. தழும்பு எங்கேன்னு கேட்டேன். கேக்காம எழுத முடியாதில்ல? 'ஆண்டவர் அதையும் எடுத்துட்டார் மேடம், அதுவே ஒரு அற்புதம்'னாங்க."

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அற்புதம்தான்," என்றாள். "நீங்க நாளைக்கு வாங்க மேடம்."

அன்று சாயங்காலம் ரொட்டியும் முட்டையும். மகள் உள்ளறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சோப்புப் போட்டும் போகாத கறுப்பு நகங்களோடு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அந்தம்மா என் கையைப் பாத்துட்டாங்க."

பிய்ப்பது நின்றது. "என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு வரச் சொன்னேன். உங்களைக் கேக்காம நான் எதைச் சொன்னேன் இத்தனை வருஷத்துல?"

அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லிடு," என்றான்.

"நெசமாவா?"

"எத்தனை நாளைக்குத்தான் நான் தலையைக் குனிஞ்சு தட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்? ஒவ்வொரு தடவையும் அண்ணி கையைப் பொத்தறப்ப எனக்கு எழுந்து ஓடிடலாம்னு இருக்கு. நீ அங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கே. உன் மூஞ்சியைப் பாக்க முடியல. சொல்லிடு. என்னைக் கேட்டா நானும் ஆமான்னு சொல்லிடறேன்."

அவள் இன்னொரு ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவன் இப்படி அவளைப் பார்த்துப் பேசியதில்லை.

"பொண்ணுகிட்ட?"

"நானே சொல்றேன். என் வாயால. அவ தெரிஞ்சுக்கட்டும், அவ அம்மா யாருன்னு." பிறகு, எழுந்து கை கழுவப் போகும்போது, "காலையில அண்ணன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். வெளியிலேருந்து அவரு காதுக்குப் போனா நல்லாருக்காது," என்றான்.

அந்த இடத்தில் அவள் தடுத்திருக்கலாம். அண்ணன் எதிரில் உட்கார்ந்தால் யாரும் கையெழுத்துப் போடாமல் எழுந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்னது நியாயமாக இருந்தது. நியாயத்தை எப்படித் தடுப்பது?

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் உள்ளே. பத்திரிகைக்காரம்மா ரெக்கார்டரை மேசை ஓரத்தில் வைத்தார். இஸ்திரிக்காரி தேய்த்துக்கொண்டே சொன்னாள். குரலை மகளுக்கு எட்டாமல் தணித்து, ஆனால் ஒன்றையும் விடாமல். காய்ச்சலில் பிள்ளை அனலாகக் கொதித்தது, ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தது, பெட்டி பட்ட இடத்தில் முதலில் வலியே தெரியாமல் வாடை மட்டும் வந்தது. இந்த விவரம் எதுவும் மேடைச் சாட்சியில் கிடையாது. பேசப் பேச உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கம்பியில் இருந்த துணி பாதி குறைந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரரைக் கேப்பேன்மா. அவரைப் பத்தினது இது."

"கேளுங்க மேடம். தாராளமா கேளுங்க. சாப்பிட வருவாரு. அவரே சொல்றேன்னிருக்காரு."

அவன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். காலையில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு போனவன், இப்போது குடை பிடித்து வந்தான். வளைந்த மரப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை. மூத்தாருடையது. அதை மடக்கி மூலையில் சாத்தினான். அதிலிருந்து வழிந்த தண்ணீர், தேய்த்துக் கட்டிவைத்த துணிமூட்டையை நோக்கி ஓடியது. இஸ்திரிக்காரி மூட்டையை நகர்த்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

பத்திரிகைக்காரம்மா சுற்றிவளைக்கவில்லை. "உங்க வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. அவங்க முன்னாடியே கேக்கறதுதான் முறை. மேடையில உங்க அண்ணன் சொல்ற சாட்சி, அது உங்களுக்கு நடந்ததா?"

அவன் மேசைக்கடியில் கிடந்த பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கா?" என்றான். "நான் குடியைத் தொட்டதே இல்லையே மேடம்."

உள்ளறையில் மகளின் முணுமுணுப்புப் பாட்டு நின்றது.

"இவங்க கையில இருக்கற தழும்பு?"

"இஸ்திரி போடறவ கையில சூடு படாம வேற யார் கையில படும்? விடிஞ்சா நெருப்போடதான் நிக்கறா. இந்தக் கை, அந்தக் கை, விரல்ல, எத்தனையோ சூடு. என் கையைப் பாருங்க, சுத்தியல் பட்டது எத்தனைன்னு. இதுக்கெல்லாம் கதை இருக்கா?" மெதுவாகச் சிரிக்கக்கூடப் பார்த்தான். "அவளைத் தப்பு சொல்லலை. பாவம், அண்ணன் சாட்சியைக் கேட்டுக் கேட்டுத் தனக்கே நடந்த மாதிரி ஆயிடுச்சு. மனசுதானே?"

கடைசி வார்த்தைகள் அவனுடையவை அல்ல. யாருடைய வாயில் வார்த்த வார்த்தைகள் என்று அவளுக்குத் தெரிந்தது. 'மனசுதானே' என்று மூத்தார்தான் சொல்வார், பாலிசி போடத் தயங்குகிறவர்களிடம்.

பத்திரிகைக்காரம்மா ரெக்கார்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். "நான் இதை எழுதிடுவேங்க. அச்சுல வந்தப்பறம் மாத்த முடியாது. அதனால இன்னொரு தடவை கேக்கறேன். குடிச்சது நீங்க இல்லையா?"

"நான் இல்ல மேடம்."

அவர் மறுபடி வாயெடுத்தார்.

"மூணாவது தடவை கேக்காதீங்க மேடம்," என்றாள் இஸ்திரிக்காரி.

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவன் ஏறிட்டுப் பார்ப்பதற்குள் அவள் பெட்டியை எடுத்து அடுத்த துணியில் வைத்துவிட்டாள்.

பத்திரிகைக்காரம்மாவைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டாள். மழை தூறலாகியிருந்தது. "நான் உங்களை நம்பறேன்மா," என்றார் அவர். "ஆனா நம்பறதை எழுத முடியாது. கேட்டதைத்தான் எழுத முடியும். உங்க பேச்சை எடுத்துடணும்னா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"இருக்கட்டும் மேடம். நான் சொன்னது சொன்னதுதான்."

திரும்பி வந்தபோது அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணு உள்ள இருந்தா," என்றான்.

"நான் வெளிய இருந்தேனே, நான் கண்ணுக்குத் தெரியலையா?"

"புரிஞ்சுக்கோ. வெளியூர்ல கூப்பிட்டிருக்காங்க. பெரிய மேடை. இது வந்தா எல்லாம் போச்சுன்னு அண்ணன் அழுதுட்டாரு. என் காலைத் தொடப் போனாருடி. என்னைத் தூக்கி நிறுத்தினவரு."

"உங்களைத் தூக்கி நிறுத்தினது அவருதானா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மாலைக்குள் கொடுக்க வேண்டிய துணி இருந்தது.

கட்டுரை வந்த அன்று வெயில் அடித்தது. மூத்தார் இதழ்களைக் கட்டாக வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். "பாத்தியா, பேர் போட்டு ஒரு குறை சொல்லல. நல்ல மனுஷி," என்று இஸ்திரிக்காரியின் மேசைமேலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார், அவளிடம் கோபமே இல்லாதவர் போல.

கூட்டம் ஓய்ந்த பிறகு அவள் படித்தாள். நன்றாக எழுதியிருந்தார். டயர்க் கடையின் சுத்தியல் சத்தம் இருந்தது, நெட்டையின் தொப்பி இருந்தது, கறுப்புத் துணி மன்னிக்காது என்று அவள் சொன்னதுகூட இருந்தது. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மேடையில் சொல்லப்படும் சாட்சி குறித்து, குடும்பத்தில் ஒருவர் வேறுவிதமாகச் சொன்னார். டிரம்ஸ் வாசிப்பவர் அதை இரண்டு முறை மறுத்தார். தன் கையில் தழும்பு இல்லாதது பற்றிக் கேட்டபோது, அது மறைந்ததும் ஓர் அற்புதமே என்றார் பாடகரின் மனைவி.' ஒவ்வொரு வரியையும் அவள் தடவிப் பார்த்தாள், துணியில் மடிப்பு பிசகியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. ஒன்றும் பிசகவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி இருந்தது. நடந்தது மட்டும் அதில் இல்லை.

மகளும் படித்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை எடுக்காமல் நின்றாள்.

"அந்த ஒருத்தர் நீங்கதானேம்மா? அன்னிக்கு அப்பா சொன்னதைக் கேட்டேன்."

"ஆமா."

"பெரியப்பா தன் அவமானத்தை எல்லார் முன்னாடியும் சொல்றாரு. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். அதைப் போய் அப்பா தலையில கட்டறீங்களே, அப்பா உங்களுக்கு என்ன பண்ணினாரு?"

அவன் அதே அறையில்தான் இருந்தான். குச்சிகளுக்கு ரப்பர் நாடா சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றிக்கொண்டேயிருந்தான். கேட்பதற்கு அங்கே பத்திரிகைக்காரம்மா இல்லை. மூன்றாவது தரம் கேட்டது அவன் மகள்தான். அவன் வாய் திறக்கவில்லை.

இஸ்திரிக்காரி தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியூர்க் கச்சேரிக்கு வேன் கிளம்புகிற அன்று ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, சட்டை வாங்க வந்தாள். அவசரம், நெட்டை தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கறுப்பு முழுக்கைச் சட்டை மேசைமேல் தயாராக இருந்தது. மினுக்கல் இல்லை, எழுத்து உரியவில்லை, இரண்டு கையிலும் கத்தி போல மடிப்பு.

"உன் கைக்கு வேற யாரும் வரமாட்டாங்க, போ," என்றாள் ஓரகத்தி, சட்டையை விரித்துப் பார்த்து. "நீ வரலையா?"

"இல்லக்கா. துணி நிறைய இருக்கு."

"மனசுல எதுவும் வச்சுக்காதே."

"வச்சுக்கலைக்கா. ஒண்ணு மட்டும் சொல்லணும்." இஸ்திரிக்காரி சட்டையை வாங்கி மறுபடி மேசைமேல் போட்டாள். வலது கையை உள்ளே மடித்துவிட்டு, இடது கையை மட்டும் வெளியே எடுத்து நீட்டி வைத்தாள். தன் சட்டைக் கையைச் சுருட்டி, வெளுத்த தழும்பை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"சூடு பட்டது இந்தக் கை. இத்தனை வருஷமா வலதைப் பொத்தறீங்க. பெரிய மேடை, எழுதறவங்க வருவாங்க. இனிமே இடதைப் பொத்துங்க."

தெருவில் ஹாரன் மறுபடி அடித்தது.